வயிற்றில் புதிய கட்டி: பழைய காயத்தின் கணக்கில் எழுதிவிடக் கூடாது

மதவாச்சியிலிருந்து தலைமன்னார் போகும் ரயில் பாதையில் செட்டிகுளம் ஒரு சின்ன நிலையம். 2009இல் அந்தப் பெயர் உலகச் செய்திகளில் அடிபட்டது. முள்ளிவாய்க்காலிலிருந்து வந்தவர்களில் பெரும்பாலானோர் அடைக்கப்பட்ட மெனிக்பாம் முகாம் இந்தப் பிரதேசத்தில்தான் இருந்தது. உச்ச காலத்தில் அங்கே இரண்டு இலட்சத்துக்கும் மேற்பட்டோர் இருந்தனர். முகாம் 2012 செப்டெம்பரில் மூடப்பட்டது. பிரான்ஸ் நாட்டின் கள வைத்தியசாலையும் எல்லைகளற்ற வைத்தியர்கள் அமைப்பின் கள வைத்தியசாலையும் 2009இல் இங்கே இயங்கின. அவற்றுக்கு வந்தவர்களில் பலர் வயிற்றிலும் காலிலும் ஷெல் காயத்தோடு வந்தவர்கள். அதற்கு முன்பே புதுக்குடியிருப்பிலும் புதுமாத்தளனிலும், பின்னர் செஞ்சிலுவைக் கப்பல் கொண்டுசேர்த்த திருகோணமலையிலும் புல்மோட்டையிலும் வயிறு திறந்து சத்திரசிகிச்சை செய்யப்பட்டவர்களும் இருந்தார்கள்.

பதினைந்து வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது. அன்று இருபத்தைந்து வயதில் இருந்தவர்களுக்கு இன்று நாற்பதைத் தாண்டிவிட்டது. அவர்களில் ஒருவரின் வயிற்றில் இன்று ஏதாவது தடித்தால் வீட்டில் முதலில் வரும் வார்த்தை, "அது பழைய காயம்தான்" என்பது. பல வேளைகளில் அது சரி. சில வேளைகளில் அது பிழை. அந்தப் பிழைக்குக் கொடுக்கும் விலை சில மாதங்களாகவும் இருக்கலாம், உயிராகவும் இருக்கலாம்.

வளர்ந்தவர்களின் வயிற்றில் அரிதாக வரும் கட்டிகள் எவை, போர்க்காயம் அவற்றின் கண்டறிதலை எப்படிக் குழப்புகிறது, எந்தப் பரிசோதனை எதற்கு, சத்திரசிகிச்சை எப்போது, எங்கே என்பதை ஒரே இடத்தில் தருவதே இந்தக் கட்டுரையின் நோக்கம்.

எது அரிய கட்டி?

முதலில் ஆறுதலான செய்தி. வயிற்றில் தட்டுப்படும் கட்டிகளில் பெரும்பாலானவை அரியவையும் அல்ல, புற்றுநோயும் அல்ல. குடலிறக்கம், தோலுக்குக் கீழே கொழுப்புக் கட்டி, கர்ப்பப்பையில் நார்க்கட்டி, சூலக நீர்க்கட்டி, வீங்கிய ஈரல் அல்லது மண்ணீரல் ஆகியவையே அதிகம். வயிற்றுக் காசநோயும் கட்டிபோலவும் நீர்கோத்த வயிறாகவும் காட்டும். அது மருந்தால் குணமாகும்.

ஐரோப்பிய வரையறையின்படி, வருடத்துக்கு ஒரு இலட்சம் பேரில் 6 பேருக்கும் குறைவாக வரும் புற்றுநோய் அரிய புற்றுநோய். ஒவ்வொன்றாக எடுத்தால் இவை அரிது. எல்லாவற்றையும் சேர்த்தால் அங்கே கண்டறியப்படும் புற்றுநோய்களில் ஐந்தில் ஒன்றுக்கு மேல் வரும். ஆகவே "அரிய நோய் எனக்கு வராது" என்பது சரியான கணக்கு அல்ல. ஒரு மாவட்ட வைத்தியசாலையின் சத்திரசிகிச்சை நிபுணர் தன் பணிக்காலம் முழுவதிலும் ஒரு குறிப்பிட்ட அரிய கட்டியை இரண்டு மூன்று தடவைதான் பார்த்திருக்கக்கூடும். அது அவருடைய குறை அல்ல, நோயின் இயல்பு. அப்படியான கட்டியை அதிகம் பார்த்த இடத்துக்கு நோயாளர் போக வேண்டியிருப்பதும் அதனால்தான்.

பழைய காயம் போடும் வேடங்கள்

போர்க்காயம் பட்ட வயிற்றில் கட்டிபோலத் தோன்றி, கட்டி அல்லாமல் போகும் சில விடயங்கள் உண்டு.

சிதறிய மண்ணீரல்: வயிற்றின் இடது மேற்பக்கத்தில் அடிபட்டு மண்ணீரல் உடைந்தால், அதன் சிறு துணுக்குகள் வயிற்றுக்குள் சிதறி, அங்கங்கே ஒட்டி, இரத்த ஓட்டம் பெற்று வளர்ந்துவிடும். 1939இல் இதற்கு 'ஸ்ப்ளீனோசிஸ்' என்று பெயர் வைத்தார்கள். பல வருடங்கள் கழித்து வேறொன்றுக்காக ஸ்கான் எடுக்கும்போது வயிறு முழுக்கப் பல உருண்டைகள் தெரியும். பரவிய புற்றுநோய்போலவே இருக்கும். உண்மையில் அது தீங்கற்றது. பெரும்பாலும் எந்தச் சிகிச்சையும் வேண்டாம். வெப்பமூட்டிய செங்குருதிக் கலங்களில் சிறிதளவு கதிரியக்கப் பொருளைச் சேர்த்துச் செய்யும் ஒரு விசேட ஸ்கான் இதை உறுதிசெய்யும். ஆனால் உங்களுக்கு மண்ணீரல் எடுக்கப்பட்டது என்று நீங்கள் சொன்னால்தான் வைத்தியருக்கு அந்த எண்ணமே வரும்.

ஷெல் துண்டைச் சுற்றிய சீழ் அல்லது தடிப்பு: உள்ளே தங்கிய உலோகத்தையோ துணித் துணுக்கையோ சுற்றி உடல் ஒரு கடினமான உறையைக் கட்டும். வருடங்கள் கழித்தும் அதில் சீழ் பிடிக்கலாம். அவசரச் சத்திரசிகிச்சைகளில் உள்ளே தங்கிவிடும் பஞ்சுத் துணியும் இப்படியே கட்டியாகத் தெரியும். வசதியான நாடுகளின் வைத்தியசாலைகளிலும் இது நடக்கிறது. இரத்தப்போக்கும் அவசரமும் கூடும்போது இந்த ஆபத்தும் கூடுகிறது.

தழும்பில் குடலிறக்கம்: தையல் போட்ட கோட்டின் வழியே இருமும்போது புடைத்து, படுத்தால் உள்ளே போகும் வீக்கம். இது மிகவும் சாதாரணம்.

டெஸ்மொயிட் கட்டி: இது வேடம் அல்ல, உண்மையான அரிய கட்டி. வருடத்துக்குப் பத்து இலட்சம் பேரில் சுமார் 3 முதல் 6 பேருக்கு வரும். வயிற்றுச் சுவரில், பழைய சத்திரசிகிச்சைத் தழும்பில், பிள்ளை பெற்ற பின் பெண்களில் வருவது தெரிந்த விடயம். கல்போல் இறுகி, மெல்ல வளரும். மற்ற உறுப்புகளுக்குப் பரவாது. ஆனால் அருகிலுள்ள தசைக்குள்ளும் குடலுக்குள்ளும் வேர்விடும். "தழும்பு தடித்துவிட்டது" என்று பல மாதம் எண்ணெய் பூசிக்கொண்டிருக்கக்கூடிய கட்டி இதுதான்.

பலர் மனதுக்குள் வைத்திருக்கும் ஒரு கேள்வியும் உண்டு. உடம்பில் இருக்கும் ஷெல் துண்டு புற்றுநோயாக மாறுமா? மனிதரில் அப்படி மாறும் என்பதற்கு உறுதியான சான்று இல்லை. தனித்தனி நோயாளர் பற்றிய சில அறிக்கைகள் மட்டுமே உண்டு. 2005இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வில், டங்ஸ்டன், நிக்கல், கோபால்ட் கலந்த உலோகத் துண்டுகளை எலிகளின் தசையில் வைத்தபோது தீவிரமான கட்டிகள் வந்தன. எலியில் கண்டதை அப்படியே மனிதருக்குப் பொருத்த முடியாது. இந்தப் பயத்துக்காக மட்டும் பழைய துண்டைத் தேடி வயிற்றைத் திறக்கத் தேவையில்லை. ஆனால் அதனருகே புதிதாக ஏதாவது வளர்ந்தால் அதைக் காட்டாமல் விடவும் கூடாது.

தெரிந்திருக்க வேண்டிய சில அரிய கட்டிகள்

வயிற்றின் பின்புறக் கட்டி: குடலுக்குப் பின்னால், முதுகெலும்புக்கு முன்னால், சிறுநீரகங்கள் இருக்கும் இடத்தில் கொழுப்பிலிருந்தோ தசையிலிருந்தோ வளரும் புற்றுநோய். சார்கோமா வகையைச் சேர்ந்தது. வளர்ந்தவர்களின் புற்றுநோய்களில் சார்கோமா சுமார் 1 வீதம்தான். அதிலும் பத்தில் ஒன்று அளவே இந்த இடத்தில் வரும். அந்த இடத்தில் வளர இடம் நிறைய இருப்பதால் வலி இருக்காது. 15, 20 சென்ரிமீற்றர் ஆகும்வரை தெரியாமலே போகலாம். "வண்டி வைத்துவிட்டது" என்று வீட்டில் பகிடி பண்ணிக்கொண்டிருப்பார்கள். கை, கால், முகம் மெலிய, வயிறு மட்டும் பெருத்தால் அது சாப்பாட்டால் வந்த வண்டி அல்ல என்று சந்தேகப்பட வேண்டும்.

ஜிஸ்ட்: வயிறு, குடல் ஆகியவற்றின் அசைவை இயக்கும் கலங்களிலிருந்து வருவது. வருடத்துக்குப் பத்து இலட்சம் பேரில் 10 முதல் 15 பேர். பாதிக்கு மேல் இரைப்பையில் வரும். உள்ளே மெல்ல இரத்தம் கசிவதால் காரணம் தெரியாத இரத்தச்சோகையாகவும் கறுப்பு மலமாகவும் வெளிப்படும்.

இந்தக் கட்டியின் வரலாற்றில் சென்னைக்கும் ஒரு பங்கு உண்டு. 1998இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் இதற்குக் காரணமான மரபணு மாற்றத்தைக் கண்டுபிடித்தனர். 2000ஆம் ஆண்டு பின்லாந்தின் ஹெல்சிங்கியில், பரவிய ஜிஸ்ட் இருந்த ஒரு பெண்ணுக்கு இரத்தப் புற்றுநோய்க்காக உருவாக்கப்பட்ட இமாட்டினிப் மாத்திரை முதல் தடவையாகக் கொடுக்கப்பட்டது. கட்டிகள் சுருங்கின. அதுவரை சத்திரசிகிச்சையைத் தவிர வேறு வழியில்லாத நோய்க்கு ஒரு மாத்திரை கிடைத்தது. ஆனால் நொவார்டிஸ் கம்பனியின் கிளிவெக் இந்தியாவில் மாதத்துக்கு ஒரு இலட்சம் ரூபாய்க்கும் மேல். இந்தியக் கம்பனிகளின் அதே மருந்து அதில் பத்தில் ஒன்றுக்கும் குறைவு. சென்னைக் காப்புரிமை அலுவலகம் 2006இல் நொவார்டிஸின் விண்ணப்பத்தை மறுத்தது. 2007இல் சென்னை உயர் நீதிமன்றமும், 2013 ஏப்ரல் 1இல் இந்திய உச்ச நீதிமன்றமும் கம்பனியின் வாதத்தை ஏற்கவில்லை. இமாட்டினிப் ஏழை நாட்டு நோயாளருக்கும் எட்டக்கூடிய மருந்தானதில் அந்தத் தீர்ப்புகளுக்குப் பெரிய பங்கு உண்டு.

நரம்பு-ஓமோன் கட்டி: குடல், கணையம், குடல்வால் போன்றவற்றில் வரும். சில கட்டிகள் ஓமோன்களைச் சுரக்கும். முகம் திடீரெனச் சிவத்தல், விடாத வயிற்றோட்டம், சீனி திடீரென இறங்கி மயங்குதல் ஆகியவை அறிகுறிகள். நடிகர் இர்பான் கான் 2018 மார்ச்சில் தனக்கு இந்த நோய் என்று அறிவித்தார். 2020 ஏப்ரலில் காலமானார். அப்பிள் நிறுவனத்தின் ஸ்டீவ் ஜொப்ஸுக்குக் கணையத்தில் இதே வகைக் கட்டி 2003 ஒக்டோபரில் கண்டறியப்பட்டது. உணவுக் கட்டுப்பாடும் மாற்று வைத்தியமும் முயன்றபின், ஏறத்தாழ ஒன்பது மாதம் கழித்தே அவர் சத்திரசிகிச்சை செய்தார். 2011இல் இறந்தார். அந்த ஒன்பது மாதம்தான் முடிவை மாற்றியதா என்று யாராலும் சொல்ல முடியாது. ஆனால் பணமும் அறிவும் இருந்தவர்கூடத் தள்ளிப்போட்டார் என்பது நினைவில் வைக்க வேண்டிய விடயம்.

அட்ரினல் கட்டி: சிறுநீரகத்தின் மேல் இருக்கும் சிறு சுரப்பியில் வரும் ஒருவகைக் கட்டி, அட்ரினலினை அள்ளிச் சுரக்கும். திடீர்த் தலையிடி, நெஞ்சு படபடப்பு, வியர்வை, எகிறும் இரத்த அழுத்தம் ஆகியவை வந்து வந்து போகும். போர் கண்ட மக்களிடம் இது இலகுவாகத் தவறவிடப்படக்கூடியது. படபடப்பும் வியர்வையும் என்றால் "மனப்பயம், பழைய நினைவு" என்று முடித்துவிடலாம். பெரும்பாலும் அது அப்படித்தான் இருக்கும். ஆனால் அந்தப் படபடப்போடு இரத்த அழுத்தமும் ஏறுகிறது என்றால் சிறுநீரில் அல்லது இரத்தத்தில் மெட்டநெஃப்ரின் அளவைப் பார்க்கச் சொல்லிக் கேட்கலாம். இந்தக் கட்டியைத் தெரியாமல் ஊசியால் குத்தினாலோ, முன்னேற்பாடு இல்லாமல் வெட்டினாலோ இரத்த அழுத்தம் உயிராபத்தான அளவுக்கு ஏறக்கூடும்.

குடல்வால் சளிக் கட்டி: குடல்வாலில் தொடங்கி வயிறு முழுவதும் கூழ்போன்ற சளியை நிரப்பும். நீர்கோத்த வயிறு என்று குத்தி எடுக்கப் போனால் நீர் வராது. இதற்கான மிகப் பெரிய சத்திரசிகிச்சையை இங்கிலாந்தில் பேசிங்ஸ்ரோக், மஞ்செஸ்ரர் என இரண்டே மையங்களில் குவித்து வைத்திருக்கிறார்கள். அரிய நோய்க்கு அனுபவத்தை ஓரிடத்தில் சேர்ப்பது ஏன் முக்கியம் என்பதற்கு அது நல்ல உதாரணம்.

இளம் பெண்களின் கணையக் கட்டி: பெரும்பாலும் இருபது, முப்பது வயதுப் பெண்களில் வரும். பெரிதாக இருந்தாலும் முழுமையாக அகற்றினால் பெரும்பாலானோர் குணமடைகிறார்கள். 'கணையத்தில் கட்டி' என்றதும் எல்லாம் முடிந்தது என்று வீட்டுக்குத் திரும்பிவிடக் கூடாது என்பதற்காகவே இதைச் சொல்ல வேண்டியிருக்கிறது.

எப்போது காட்ட வேண்டும்?

கீழே உள்ளவற்றில் ஒன்று இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் வைத்தியசாலைக்குப் போங்கள்.

- தொட்டால் தெரியும் புதிய கட்டி, அல்லது பழைய தழும்பில் வளர்ந்துகொண்டே போகும் தடிப்பு
- உடம்பு மெலிய வயிறு பெருத்தல்
- கொஞ்சம் சாப்பிட்டதும் வயிறு நிரம்பியதுபோல் இருத்தல்
- காரணம் தெரியாத இரத்தச்சோகை
- ஒரு காலில் மட்டும் வீக்கம்
- படபடப்போடு ஏறி இறங்கும் இரத்த அழுத்தம்

கறுப்பு மலம், இரத்த வாந்தி, திடீரெனத் தாங்க முடியாத வயிற்று வலி, வாந்தியோடு மலமும் காற்றும் போகாதிருத்தல், கண் மஞ்சளாதல், மயக்கம் ஆகியவற்றுக்கு இரண்டு வாரமல்ல, அன்றைக்கே போக வேண்டும்.

பரிசோதனைகள்: எது முதலில், எது பிறகு?

முதலில் கையால் தொட்டுப் பார்த்தல், இரத்தப் பரிசோதனை, அல்ட்ராசவுண்ட் ஸ்கான். அல்ட்ராசவுண்டில் கட்டி இருப்பது தெரியும். ஆழத்தில் இருப்பது எங்கிருந்து வளர்கிறது என்பது பல வேளை தெரியாது. அதற்கு, நரம்பில் சாயமருந்து ஏற்றி எடுக்கும் சி.ரி. ஸ்கான் வேண்டும். அரிய வயிற்றுக் கட்டிகளைப் பொறுத்தவரை இதுவே அடிப்படைப் பரிசோதனை.

இங்கே எமது மக்கள் மூன்று விடயங்களைத் தாங்களாகவே சொல்ல வேண்டும்.

முதலாவது, உலோகம். உடம்பில் ஷெல் துண்டு, சன்னம், எலும்பில் போட்ட தகடு எது இருந்தாலும் எம்.ஆர்.ஐ. எடுக்க முன் கட்டாயம் சொல்ல வேண்டும். அந்த இயந்திரம் மிகப் பலமான காந்தம். இரும்பு கலந்த துண்டு அசையலாம், சூடாகலாம். கண், மூளை, முள்ளந்தண்டு, பெரிய இரத்தக்குழாய் ஆகியவற்றுக்கு அருகே இருந்தால் ஆபத்து அதிகம். துண்டு இருக்கிறதோ இல்லையோ என்று சந்தேகம் இருந்தால் முதலில் எக்ஸ்ரே எடுத்துப் பார்ப்பார்கள். சி.ரி. ஸ்கானுக்கு இந்த ஆபத்து இல்லை. ஆனால் உலோகத்தைச் சுற்றிப் படம் கோடுகோடாகக் கலங்கும். ஏன் கலங்கியது என்று படத்தைப் பார்க்கும் நிபுணருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

இரண்டாவது, சிறுநீரகம். காரணம் அறியப்படாத நாட்பட்ட சிறுநீரக நோய் அநுராதபுர மாவட்டத்தில் மட்டுமல்ல, வவுனியா மாவட்டத்தின் சில பகுதிகளிலும் இருக்கிறது. சி.ரி. சாயமருந்து பலவீனமான சிறுநீரகத்தைப் பாதிக்கலாம் என்பதால் முதலில் கிரியற்றினின் அளவைப் பார்ப்பார்கள். சிறுநீரக கிளினிக்கில் இருப்பவர்கள் அந்தக் கொப்பியையும் கொண்டுபோக வேண்டும்.

மூன்றாவது, முன்னைய சத்திரசிகிச்சை. எந்த உறுப்பு எடுக்கப்பட்டது என்பதற்குத் துண்டு கையில் இல்லாவிட்டாலும், நினைவில் உள்ளதைச் சொல்லுங்கள்.

புற்றுநோய்க்கான இரத்தப் பரிசோதனைகள் பற்றியும் ஒரு சொல். சி.ஏ. 125 போன்ற அளவுகள் கூடியிருந்தால் அது மட்டுமே புற்றுநோய்க்குச் சான்று ஆகாது. வயிற்றுக் காசநோயிலும் அது ஏறும். கூடாமல் இருந்தால் கட்டி நல்லது என்றும் அர்த்தம் இல்லை. சார்கோமாவையும் ஜிஸ்ட்டையும் காட்டும் இரத்தப் பரிசோதனை வழக்கத்தில் இல்லை.

அடுத்தது பயொப்சி. தடித்த ஊசியால், ஸ்கான் பார்த்தபடி, கட்டியிலிருந்து சிறு துணுக்கு எடுத்து நுணுக்குக்காட்டியில் பார்ப்பது. "ஊசி குத்தினால் புற்றுநோய் பரவிவிடும்" என்ற பயம் எமது ஊர்களில் ஆழமாக இருக்கிறது. வயிற்றின் பின்புறக் கட்டிக்கு முதுகுப் பக்கத்தால் முறையாக ஊசி செலுத்தும்போது பரவும் ஆபத்து மிகச் சிறியது. கட்டி எதுவென்று தெரியாமல் வயிற்றைத் திறப்பதில் உள்ள ஆபத்து அதைவிடப் பெரியது. எல்லாக் கட்டிக்கும் பயொப்சி வேண்டியதில்லை. ஸ்கானே தெளிவாகச் சொல்லும் கட்டியும், எப்படியும் அகற்ற வேண்டிய சிறிய கட்டியும் உண்டு. அட்ரினல் கட்டி என்ற சந்தேகம் இருந்தால் ஓமோன் பரிசோதனை முடியும்வரை ஊசி கூடவே கூடாது. அரிய கட்டியின் பயொப்சி முடிவை இன்னொரு நிபுணரும் பார்ப்பது உலகெங்கும் வழக்கம். அதற்காக எடுக்கும் இரண்டு மூன்று வாரம் வீண் அல்ல.

சத்திரசிகிச்சை: முதல் தடவைதான் முக்கியம்

அரிய வயிற்றுக் கட்டிகளில் பலவற்றுக்குக் குணமாக்கும் வழி ஒன்றுதான்: முழுமையாக, உடையாமல், ஒரே துண்டாக அகற்றுவது. வயிற்றின் பின்புற சார்கோமாவில் கட்டியோடு ஒட்டியிருக்கும் சிறுநீரகம், பெருங்குடலின் ஒரு பகுதி, தசை ஆகியவற்றையும் சேர்த்தே எடுக்க வேண்டி வரலாம். "கட்டியை மட்டும் எடுக்கச் சொல்லுங்கோ, சிறுநீரகத்தைத் தொட வேண்டாம்" என்று உறவினர் கேட்பது இயல்பு. ஆனால் விளிம்பில் கொஞ்சம் விட்டுவிட்டால் கட்டி திரும்ப வரும். இரண்டாம் தடவை முழுமையாக எடுப்பது மிகக் கடினம். மற்றச் சிறுநீரகம் நன்றாக வேலை செய்கிறதா என்று முன்பே பார்த்துவிட்டுத்தான் இந்த முடிவை எடுப்பார்கள். மேலே சொன்ன சிறுநீரக நோய் இங்கேயும் குறுக்கே வருகிறது.

ஜிஸ்ட்டில் கட்டி உடைந்துவிடாமல் எடுப்பதே பெரிய விடயம். உடைந்தால் வயிறு முழுக்க விதை தூவியதுபோல் ஆகும். பெரிய கட்டி என்றால் முதலில் சில மாதம் இமாட்டினிப் கொடுத்துச் சுருக்கிவிட்டு எடுப்பார்கள். திரும்ப வரும் ஆபத்து அதிகம் என்றால் சத்திரசிகிச்சைக்குப் பிறகு மூன்று வருடம் அதே மாத்திரை. நன்றாக இருக்கிறது என்று இடையில் நிறுத்தக் கூடாது.

அட்ரினல் கட்டிக்குச் சத்திரசிகிச்சைக்கு முன் குறைந்தது ஒன்று இரண்டு வாரம், இரத்தக்குழாயைத் தளர்த்தும் ஒருவகை மருந்தைக் கொடுத்து அழுத்தத்தைக் கட்டுப்படுத்துவார்கள். அந்தக் காத்திருப்பு தாமதம் அல்ல, அதுவும் சிகிச்சை.

டெஸ்மொயிட் கட்டியில் நிலைமை தலைகீழாக மாறியிருக்கிறது. முன்பு கண்டவுடன் வெட்டினார்கள். வெட்டிய இடத்திலேயே அது மறுபடி வந்தது. இன்றைய சர்வதேச வழிகாட்டல், ஆபத்தான இடத்தில் இல்லாவிட்டால் முதலில் சில மாத இடைவெளியில் ஸ்கான் எடுத்துக் கவனித்திருக்கச் சொல்கிறது. ஒரு பகுதியினரில் அது தானாகவே நின்றுவிடும், சுருங்கியும் விடும். வைத்தியர் "பொறுத்துப் பார்ப்போம்" என்றால் அவர் கைவிட்டுவிட்டார் என்று நினைக்கக் கூடாது. ஆனால் அந்த முடிவு பயொப்சிக்குப் பிறகு வர வேண்டும், அதற்கு முன் அல்ல.

முன்பு வயிறு திறக்கப்பட்டவர்களுக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. குடல்கள் ஒன்றோடொன்றும் வயிற்றுச் சுவரோடும் ஒட்டிப்போயிருக்கும். சத்திரசிகிச்சை நீளும். குடலில் கிழிவு ஏற்படும் வாய்ப்பும் கூடும். சிறு துளை வழியான முறை சரிவராமல் போகலாம். இது முன்பே தெரிந்தால் அதற்கான நேரம், குருதி, தீவிர சிகிச்சைக் கட்டில் எல்லாவற்றையும் ஒழுங்குபடுத்திவிட்டுத் தொடங்குவார்கள்.

மண்ணீரல் எடுக்கப்பட்டவர்களுக்கு, அது 2009இல் என்றாலும் இன்று என்றாலும், வாழ்நாள் முழுக்க ஒரு விதி உண்டு. நியூமோகொக்கஸ், மெனிங்கோகொக்கஸ், ஹிப் ஆகியவற்றுக்கு எதிரான தடுப்பூசிகள் வேண்டும். கடும் காய்ச்சல் வந்தால் பனடோல் போட்டுக்கொண்டு வீட்டில் படுத்திருக்காமல் அன்றே வைத்தியசாலைக்குப் போய், "எனக்கு மண்ணீரல் இல்லை" என்று சொல்ல வேண்டும். இதை அன்று யாரும் சொல்லியிருக்காவிட்டால் இன்று கிளினிக்கில் கேளுங்கள்.

செட்டிகுளத்திலிருந்து எங்கே போவது?

தொடக்கம் செட்டிகுளம் ஆதார வைத்தியசாலை. அங்கிருந்து வவுனியா மாவட்டப் பொது வைத்தியசாலையின் சத்திரசிகிச்சை கிளினிக். அதற்கு மேல் யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலை, அல்லது மதவாச்சி வழியாக அநுராதபுரம் போதனா வைத்தியசாலை. சிக்கலான கட்டிகளுக்குக் கொழும்பு, கண்டி தேசிய வைத்தியசாலைகளும் மகரகம அபேக்ஷா வைத்தியசாலையும் உள்ளன. வடக்கில் தெல்லிப்பழை ஆதார வைத்தியசாலையின் புற்றுநோய்ப் பிரிவும் உண்டு. 2011இல் தெற்கே தெய்வேந்திர முனையிலிருந்து பருத்தித்துறை வரை நடந்த 'ட்ரெயில்' நடைப்பயணம் திரட்டிய நிதியில் கட்டப்பட்டது அது.

அரச வைத்தியசாலையில் சிகிச்சை இலவசம். ஆனால் பயணம், கூட நிற்பவரின் சாப்பாடு, இழந்த கூலி எதுவும் இலவசம் இல்லை. ஜனாதிபதி நிதியத்தின் வைத்திய உதவிக்கு இப்போது பிரதேச செயலகத்தின் ஊடாகவே விண்ணப்பிக்கலாம். அதற்குக் கொழும்பு போகத் தேவையில்லை. சத்திரசிகிச்சைக்குத் திகதி கிடைத்ததும் கேட்பது நல்லது.

பிறகு மொழி. 1847இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மிஷன் வைத்தியர் சாமுவேல் கிறீன் தமிழிலேயே மேல்நாட்டு மருத்துவம் கற்பித்தார். சத்திரசிகிச்சைக்கு 'இரணவைத்தியம்' என்ற தமிழ் நூல் 1867இல் வந்துவிட்டது. ஒன்றரை நூற்றாண்டு கழித்து, செட்டிகுளத்து நோயாளரின் ஸ்கான் அறிக்கை ஆங்கிலத்தில் இருக்கிறது. தெற்கே போனால் வார்ட்டில் பேச்சு சிங்களத்தில் நடக்கிறது. இந்த இடைவெளியில் தவறுவது பெரும்பாலும் காயத்தின் வரலாறுதான்.

அதற்கு ஒரு வழி, ஒரு தாள். படித்த பிள்ளையையோ, கிராமத்துத் தாதியையோ, ஆசிரியரையோ கொண்டு ஆங்கிலத்தில் இவற்றை எழுதுவியுங்கள்:

1. எந்த வருடம், எங்கே, எதனால் காயம்
2. எத்தனை தடவை வயிறு திறக்கப்பட்டது, எங்கே
3. எடுக்கப்பட்ட உறுப்பு, தெரிந்தால்
4. உடலில் இன்னும் இருக்கும் உலோகம், எந்த இடத்தில்
5. சீனி, பிரசர், சிறுநீரக நோய், இப்போது குடிக்கும் மருந்துகள்
6. ஒத்துக்கொள்ளாத மருந்து
7. கட்டி முதலில் தெரிந்த மாதம், வளர்ந்த வேகம்

இந்தத் தாளைக் கிளினிக் கொப்பியின் முதற் பக்கத்தில் ஒட்டுங்கள். வைத்தியசாலை தரும் டயக்னோசிஸ் காட், ஸ்கான் படம், பயொப்சி அறிக்கை எல்லாவற்றையும் தொலைபேசியில் படமெடுத்து, வெளியூரில் இருக்கும் ஒரு உறவினருக்கும் அனுப்பி வையுங்கள். ஒரு தடவை ஆவணங்கள் முழுவதையும் இழந்த மக்கள் நாங்கள்.

காயத்தைப் பற்றிப் பேசத் தயக்கம் இருப்பது விளங்கும். எங்கே, யாரோடு இருந்தபோது பட்டது என்று கேட்பார்களோ என்ற பயம் இன்னும் போகவில்லை. வைத்தியருக்கு அந்த விபரம் தேவையில்லை. "2009இல் ஷெல் காயம், வயிற்றில் ஒப்பரேஷன், உள்ளே துண்டு இருக்கிறது." இவ்வளவு போதும்.

வைத்தியரிடம் கேட்கக்கூடிய ஐந்து கேள்விகள்

கட்டி எங்கிருந்து வளர்கிறது? வெட்ட முன் பயொப்சி தேவையா, இல்லையென்றால் ஏன்? இந்த வகைக் கட்டியை அதிகம் செய்யும் இடம் இலங்கையில் எது, அங்கே அனுப்ப முடியுமா? எந்த உறுப்பை இழக்க வேண்டி வரலாம்? பிறகு எத்தனை வருடம் ஸ்கான் எடுக்க வேண்டும்?

கடைசிக் கேள்வியை மறக்கக் கூடாது. வயிற்றின் பின்புற சார்கோமா ஐந்து வருடத்துக்குப் பின்னரும், சில வேளை பத்து வருடத்துக்குப் பின்னரும் திரும்பும். முதல் இரண்டு மூன்று வருடம் சில மாதத்துக்கு ஒரு தடவையும், பிறகு ஆறு மாதம், ஒரு வருடம் என்று இடைவெளி கூட்டியும் ஸ்கான் எடுப்பார்கள். வயல் வேலை, பஸ் காசு, "இப்ப ஒன்றும் இல்லைதானே" என்ற எண்ணம் ஆகியவற்றால் கைவிடப்படுவது இந்தத் தொடர் கிளினிக்தான். திரும்பி வரும் கட்டி சிறிதாக இருக்கும்போது பிடிபட்டால் மறுபடி எடுக்க வழி இருக்கிறது.

வயிற்றில் தழும்போடு வாழ்பவர்கள் ஏற்கெனவே ஒரு தடவை பிழைத்து வந்தவர்கள். புதிதாகத் தடிக்கும் எதையும் அந்தப் பழைய கணக்கில் சேர்க்காமல், புதிய நோயாக எடுத்து வைத்தியரிடம் காட்டுங்கள். பழைய காயம்தான் என்று ஸ்கான் சொன்னால் நிம்மதியாகத் திரும்பி வரலாம். ஆனால் அதை ஸ்கான் சொல்ல வேண்டும், நாங்கள் வீட்டில் இருந்தபடி சொல்லக் கூடாது.